ஆற்றுப் பக்கத்து அறை

பிப்ரவரி 6

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நீ நலமாக இருப்பது இங்கிருந்தே தெரிகிறது. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கரையில் முதலில் கண்ணில் படுவது உன் கல் லாரிதான். போனில் பேசியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது, அதனால் கடிதம். படகுக்காரர் கொண்டுவந்து தருவார்.

போன வாரம் துவைக்கிற கல் ஆற்றோடு போய்விட்டது. நேற்று கொல்லைச் சுவர் சாய்ந்தது. நீ எட்டாம் வகுப்பில் என்னிடம்தான் புவியியல் படித்தாய். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கியதால் மறுபடி சொல்கிறேன். கடல் ஏறும்போது தண்ணீர் உன் கரையை ஒட்டி நிதானமாக உள்ளே வருகிறது. வரும்போது வண்டலைக் கொண்டுவந்து உன் பக்கம் போடுகிறது. இறங்கும்போது மேலேயிருந்து வருகிற ஆற்று நீரும் அதோடு சேர்ந்துகொள்கிறது. வளைவின் வெளிப்பக்கம் என் கரை. அதை அறுத்துக்கொண்டுதான் கடலுக்குப் போகிறது. ஆறு என்றைக்கும் செய்வது இது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. நீ உன் கரையிலிருந்து ஆற்றுக்குள் நீளமாகக் கல் வரிசை போட்டிருக்கிறாய். இறங்கும் தண்ணீர் அதில் முட்டி மொத்த வேகத்தோடு என் பக்கம் திரும்புகிறது.

அதுவும் என்ன கல்? துறைமுகம் இருந்த காலத்தில் இங்கே சரக்கேற்ற வந்த வெற்றுக் கப்பல்கள், கடலில் ஆடாமலிருக்க அடித்தளத்தில் கல் போட்டுக்கொண்டு வந்தன. வந்து சேர்ந்ததும் கல்லைக் கரையில் தள்ளிவிட்டுச் சரக்கை ஏற்றிக்கொண்டு போயின. எந்தெந்த தேசத்துக் கல்லோ சேர்ந்து துறைச் சுவர் ஆனது. அப்பா அந்தச் சுவரிலிருந்துதான் தினமும் படகில் இறங்கிப் போய், வருகிற கப்பல்கள் மணல்மேட்டில் தட்டாமலிருக்க வழி காட்டினார். அதைப் பிரித்துத்தான் நீ என் வீட்டுக்கு உலை வைக்கிறாய்.

ஆற்றுப் பக்கத்து அறைக்கும் தண்ணீருக்கும் நடுவே இப்போது ஒரு சேலையை விரித்து உலர்த்துகிற இடம்தான் மிச்சம். அந்த அறையில் படுத்திருப்பது யார் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன். கல்லை எடு.

அக்கா


பிப்ரவரி 11

மரியாதைக்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

பாடம் கிடைத்தது. மார்க் எவ்வளவு என்று போடவில்லையே.

நானும் கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன். ஆற்று வாயில் மணல் ஏறிக் கப்பல்கள் உள்ளே வர முடியாமல் போனபோது துறைமுகத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். கிடங்குகள் காலியாயின. சுங்கச் சாவடியில் ஆடு கட்டினார்கள். அப்பா வராத கப்பலுக்காகப் படகைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சொத்தைப் பிரித்தபோது நீதான் மூத்தவள் என்று, எது வேண்டும் என உன்னை முதலில் கேட்டார். நீ வீட்டை எடுத்துக்கொண்டாய். எனக்கு வந்தது எதிர்க்கரைச் சேறு. நண்டுகூட யோசித்துத்தான் குடிவரும், அப்படிப்பட்ட சேறு. அன்றைக்கு நீ "ஐயோ பாவம், தம்பிக்கு ஒன்றுமில்லையே" என்று சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

இந்த ஆற்றில் எல்லை என்பது ஆழமான தண்ணீர் ஓடுகிற இடம். ஆழம் நகர்ந்தால் எல்லையும் நகரும். புதிதாக எழும்புகிற மண் எந்தக் கரையில் ஒட்டுகிறதோ அந்தக் கரைக்காரனுக்கு. இது நான் போட்ட சட்டம் இல்லை, நம் தாத்தா காலத்துக்கும் முந்தியது. கல் வரிசை போட்டேன், மண் ஒட்டியது. அதன்மேல் படகு பழுதுபார்க்கிற களம் கட்டிக்கொண்டிருக்கிறேன். பாதியில் நிறுத்தினால் நான் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அம்மாவைப் பற்றிக் கவலைப்படுகிறாய். சரி. இங்கே அனுப்பு. சாலையைப் பார்த்த மாதிரி நல்ல காற்றோட்டமான அறை இருக்கிறது. நீ சரி என்று சொல், நானே படகு கொண்டுவருகிறேன். வீடு போனால் போகிறது, நீ உன் ரிட்டயர்மென்ட் வாழ்க்கையை டவுனில் நடத்தலாம். உனக்குத்தான் இந்த வாடையே பிடிக்காதே.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

அம்மாவிடம் கேட்டேன். வரமாட்டாளாம். "அந்தச் சேத்துல போயா படுக்கணும்?" என்றாள். நான் என்ன செய்யட்டும்?

நீ அழைத்ததில் உள்ள சூட்சுமம் எனக்குப் புரியாமல் இல்லை. அம்மா உன் வீட்டுக்கு வந்துவிட்டால் அதற்கப்புறம் உன்னைத் தடுக்க இந்தக் கரையில் என்ன இருக்கிறது? கட்டிலோடு நான் ஆற்றில் போனால் நீ ஒரு வேளை சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வாயா? எனக்குச் சந்தேகம்தான்.

நீ தூரக்கண்ணாடி வாங்கியிருப்பதாகப் படகுக்காரர் சொன்னார். நல்லது. அம்மாவின் கட்டிலை ஆற்றைப் பார்த்த ஜன்னலை ஒட்டி இழுத்துப் போட்டிருக்கிறேன். வீட்டு வேலைக்கு வருகிற ஒட்டடைக்குச்சிதான் ஒரு பக்கம் பிடித்தாள். அவள் அப்படி ஒல்லியாக இருந்தாலும் பலம் அதிகம். நீ வேலை நடுவே ஓய்ந்து உட்காரும்போது கண்ணாடியை வைத்துப் பார். வெள்ளைத் தலை தெரியும். அதற்குக் கீழே எவ்வளவு கரை மிச்சமிருக்கிறது என்பதும் தெரியும். அமாவாசையை ஒட்டிக் கடல் நன்றாக ஏறி நன்றாக இறங்கும். அன்றைக்கு மறக்காமல் பார்.

அக்கா


மார்ச் 5

அக்காவுக்கு,

பார்த்தேன்.

நீ எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாய், எல்லோரும் உன்னைக் கெட்டிக்காரி என்பார்கள். கெட்டிக்காரிதான். நான் போட்டது பழைய துறைச் சுவர்க் கல். நீ அம்மாவையே தூக்கிக் கரையில் தடுப்புக் கல்லாகப் போட்டிருக்கிறாய். இதில் யார் கல் நெஞ்சுக்காரர் என்று ஊரைக் கேட்கலாமா?

இன்னொன்று. "அம்மா வரமாட்டாளாம்" என்று எழுதினாயே, அது பச்சைப் பொய். உன் ஒட்டடைக்குச்சி படகுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அம்மா காலையில் கண் விழித்ததும் "சின்னவன் வந்தானா" என்றுதான் கேட்கிறாளாம். நீ காதில் விழாத மாதிரி போர்வையைச் சரி செய்கிறாயாம். ஒரு தாய் பிள்ளையைக் கேட்கிறாள், அதை மறைத்து வைத்து நீ என்னோடு பேரம் பேசுகிறாய். உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தேன் என்று சொல்லிக்கொள்ளவே கூசுகிறது.

பேரத்துக்கு நான் படிவேன் என்று நினைக்காதே. முதல் வரிசையைத் தாண்டிக் கடல் பக்கமாக இன்னொரு வரிசை போட்டாகிவிட்டது. ஜன்னலில் ஆளைக் காட்டிப் பயமுறுத்தினால் பின்வாங்குகிற வயது எனக்குப் போய்விட்டது. அம்மாவை அனுப்பு. இல்லாவிட்டால் நடப்பதற்கு நீதான் பொறுப்பு.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

உன் இரண்டாவது வரிசை வேலை செய்கிறது, பாராட்டுகள். பௌர்ணமியன்று கடல் இறங்கும்போது ஜன்னலுக்குக் கீழே கரை இடிந்து விழுந்தது. கட்டில் ஆடியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நகத் தடம் இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

ஆமாம், அவள் உன்னைக் கேட்கிறாள். பொய் சொன்னேன் என்று கண்டுபிடித்ததில் பெருமைப்படாதே, பாதிதான் கண்டுபிடித்திருக்கிறாய். மீதியை நானே சொல்கிறேன்.

நீ எங்கே என்று அவள் கேட்டபோது, எதிர்க்கரையை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டாய் என்று சொன்னேன். பெரிய வேலையில் இருக்கிறாய், கடிதம் போடுகிறாய், அம்மாவைப் பற்றித்தான் அதில் நிறைய எழுதுகிறாய் என்றும் சொன்னேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அப்புறம் அவள் உன் களத்து விளக்கைக் காட்டி, "அப்ப அது யாரு வீடு?" என்று கேட்டாள். "எவனோ ஒரு காண்ட்ராக்டரும்மா. அவன்தான் கல்லைப் போட்டு நம்ம கரையை அறுக்கறான்" என்றேன்.

அன்றிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் ஆனதும் அவளைத் தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். உன் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பாள். எரிந்ததும் ஆரம்பிப்பாள். "வெளங்குவானா அவன்? படுத்துக் கெடக்கிற கெழவி அடியில மண்ணைத் தோண்டறானே, அவன் கையி கால் விளங்குமா? அவனைப் பெத்தவ எந்தப் பாவியோ, அவ வயித்துல நெருப்பை அள்ளிக் கொட்ட." அவளுக்கு மூச்சு வாங்கும். தண்ணீர் கொடுத்தால் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். திட்டி முடித்தபிறகு உனக்காக வேண்டிக்கொள்வாள், வெளிநாட்டில் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று. ஒரே மூச்சில் இரண்டும் நடக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அதில் ஒரு திருப்தி இருக்கிறது, மறைப்பானேன்.

அதனால் இனிமேல் சாயங்காலம் தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், அவள் வாய் அசைவது தெரியும். அது என்னவென்று உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

உன் கடிதத்தை என் மனைவி படிக்கக் கேட்டாள். கிழித்துவிட்டேன் என்று சொன்னேன். கிழிக்கவில்லை.

நேற்றும் இன்றும் சாயங்காலம் பார்த்தேன். வாய் அசைகிறது.

கல்லை எடுக்கிறேன். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் இடைப்பட்ட நாட்களில், பிறை பாதியாக இருக்கும்போது, கடல் அதிகமாக ஏறுவதும் இல்லை இறங்குவதும் இல்லை. இழுப்பு குறைவாக இருக்கிற அந்தச் சமயத்தில்தான் கிரேனை வைத்துக் கல் தூக்க முடியும். அடுத்த பாதிப்பிறைக்கு ஆரம்பிப்பேன். இரண்டு வரிசையும் போகும். வரிசை போனால் ஒட்டிய மண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், களமும் அதோடு போகும். ஆட்களை நிறுத்திவிட்டேன். அதெல்லாம் உன் கவலை இல்லை.

எனக்கு ஒன்றுதான் வேண்டும். அந்த விளக்கு என்னுடையது என்று அவளிடம் சொல்லிவிடு. கல்லை எடுத்துவிட்டேன் என்றும் சொல். அவள் என்னைத் திட்டட்டும், பெயர் தெரிந்து திட்டட்டும். யாரோ என்று நினைத்துத் திட்டுவதை என்னால் பார்க்க முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, அக்கா.

தம்பி


ஏப்ரல் 22

தம்பிக்கு,

கிரேன் வேலை செய்ததைத் தினமும் பார்த்தேன். கடைசிக் கல் போனபிறகு ஒரு வாரம் ஆற்றுக்கு எந்தப் பக்கம் போவது என்றே தெரியவில்லை, நடுவில் கலங்கிச் சுழன்றுகொண்டிருந்தது. இப்போது பழைய வழியைக் கண்டுபிடித்துவிட்டது. ஜன்னலுக்குக் கீழே கொஞ்சம் வண்டல் தங்கியிருக்கிறது, அதில் இரண்டு கொக்கு வந்து நிற்கிறது. உன் களத்தின் ஓரம் சரிந்து கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்தேன். நன்றி என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. இத்தனை நாள் ஒன்றைச் சொல்லிவிட்டு இப்போது மாற்றிச் சொன்னால் என்னைத்தான் பொய்க்காரி என்பாள். நீயே வந்து சொல். பெற்ற தாய், உன்னைப் பார்த்தால் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஏறி நிற்கிற நேரமாகப் பார்த்து வா. வற்றின பிறகு வந்தால் சேற்றில் கால் புதையும், உன் நல்ல செருப்பு போய்விடும்.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

திரும்பி வந்து மூன்று நாளாகக் களத்துப் பக்கமே போகவில்லை. உனக்கு எழுதித் தீர்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் அறைக்குள் வந்து "அம்மா, நான்தான்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருடா நீ? கல்லுப் போடற ஆளா? மன்னிப்புக் கேக்க வந்தியா?" என்றாள். "சின்னவன்மா" என்றேன். "என் சின்னவன் வெளிநாட்டுல இருக்கான். உன்னை மாதிரி நரைச்ச கெழவன் இல்ல அவன். வெளிய போ" என்றாள். காலைத் தொட்டேன். உதறிவிட்டாள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

நீ வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு வார்த்தை அக்கா. "அம்மா, இது சின்னவன்தான்." வாயைத் திறந்து அதைச் சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அப்புறம் ஒட்டடைக்குச்சியைக் கூப்பிட்டு, "அவருக்குப் படகு வரைக்கும் வழி காட்டு" என்றாய். அவருக்கு.

என் பிழைப்பை என் கையாலேயே இடித்துவிட்டு வந்தேன். என்னிடம் வாங்க வேண்டியதை எல்லாம் வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தையைக் கொடுக்க உனக்கு மனசு வரவில்லை. ஏன் என்று மட்டும் எழுது.

தம்பி


மே 9

தம்பிக்கு,

ஏன் என்று கேட்டாய். உன்னிடம் கேட்டு வாங்க எனக்கு இனி எதுவும் இல்லை, அதனால்தான். கல் போய்விட்டது, கரை நின்றுவிட்டது. நீ நல்லவனாகி அவள் மடியில் தலை வைத்து அழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவள் மலம் துடைத்து, புண் கழுவி, கூடவே கிடந்தவள் நான். நீ ஒரு நாள் படகில் வந்து இறங்கினால் "சின்னவன் வந்தானா" தீர்ந்துவிடுமா? அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததை எழுதிவிட்டேன்.

ஆனால் நடந்தது அது மட்டும் இல்லை. அதையும் எழுத வேண்டியிருக்கிறது.

நீ போனபிறகு அவளுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். போர்வைக்குள்ளிருந்து, "படகு போயிடுச்சா?" என்று கேட்டாள். போய்விட்டது என்றேன். "படகுலேர்ந்து எறங்கறப்பவே பார்த்தேன். சின்னதுலேர்ந்து இடது காலைத்தான் முதல்ல வைப்பான்" என்றாள்.

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "அப்ப தெரிஞ்சுதான் வெளிய போன்னு சொன்னியா?" என்று கேட்டேன்.

"அந்தக் கரை அவனுதுன்னு எனக்குத் தெரியாதா? பாகம் பிரிச்சப்ப நானும்தானே இருந்தேன். அவன் வெளிநாடு போனான்னு நீ சொன்னே, கேட்டுக்கிட்டேன். தெனம் சாயங்காலம் திட்டினது அவனைத்தான். நீ வரிக்கு வரி அவனுக்கு எழுதுவேன்னும் தெரியும். எழுதணும்னுதான் திட்டினேன்" என்றாள்.

"அதான் கல்லை எடுத்துட்டானேம்மா."

"கட்டில் ஆடினப்ப எடுத்தானா? அவனைத் திட்டறாங்கன்னு தெரிஞ்சதும் எடுத்தான். அவன் காதுக்கு வலிச்சாத்தான் கை நகருது. அப்படிப்பட்டவன் என் காலைத் தொட வேணாம்."

அவள் உன்னைத்தான் சொல்கிறாள் என்று நான் மனசுக்குள் கொஞ்சம் மகிழ்ந்திருப்பேன் போல. முகத்தில் தெரிந்திருக்கிறது. என்னைப் பார்த்தாள். "நீ என்ன இளிக்கற? என்னைத் தூக்கிட்டு வந்து ஜன்னல்ல துணி மாதிரி காயப் போட்டவதானே நீ? அவன் வந்து நின்னப்ப வாயைத் திறக்கறியான்னு பார்த்தேன். திறந்திருந்தா நானும் எழுந்து உக்காந்திருப்பேன்" என்றாள்.

அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. ஒட்டடைக்குச்சியைக் கூப்பிட்டு, தன் கட்டிலைச் சாலைப் பக்கத்துப் பின்னறைக்கு மாற்றச் சொன்னாள். இப்போது ஒட்டடைக்குச்சி ஊட்டினால்தான் சாப்பிடுகிறாள். நான் உள்ளே போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். உன்னையும் கேட்பதில்லை, என்னையும் கேட்பதில்லை. பின்னறையிலிருந்து ஆறும் தெரியாது, உன் விளக்கும் தெரியாது.

ஆற்றுப் பக்கத்து அறை காலியாகக் கிடந்தது, நான் அதில் படுத்துக்கொள்கிறேன். அம்மா கிடந்த அதே இடத்தில், ஜன்னலை ஒட்டி. எதிரே உன் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த வீட்டில் என்னோடு பேச ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் அத்தனை சத்தத்தில் இருந்துவிட்டு இது பழகவில்லை. நீ திட்டி எழுதினாலும் பரவாயில்லை, ஒரு வரி எழுது.

அக்கா


மே 13

அக்காவுக்கு,

நீ கேட்டபடி எழுதுகிறேன்.

அம்மா சொன்னதைப் படித்தேன். எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். வீட்டில் யாருக்கும் தெரியாமல் அழுதேன். அவள் சொன்னதில் தப்பும் இல்லை. ஆனால் இனிமேல் நான் எப்படி இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. அப்படி ஆனதும், நான் கவலைப்படாமல் இருக்கலாம் போலிருக்கிறது.

அம்மா பின்னறைக்குப் போய்விட்டாள் என்று எழுதியிருக்கிறாய். பின்னறை சாலையை ஒட்டியது, ஆற்றுக்கும் அதற்கும் நடுவே முழு வீடும் இருக்கிறது. ஆறு அந்த அறைவரைக்கும் வர என் காலம் போதாது. அவளுக்கு ஆபத்தில்லை.

ஆற்றுப் பக்கத்து அறையில் இப்போது நீதான் படுக்கிறாய் என்றும் எழுதியிருக்கிறாய். படித்தேன்.

ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறேன். எடுத்த கல் எல்லாம் இங்கேயே கரையில்தான் குவிந்து கிடக்கிறது. நாளைக் காலை கடல் இறங்கியதும் வேலை ஆரம்பம்.

தம்பி